‘பின்னிட்டான்’ இருக்கு, ‘பின்னிட்டே’ எங்கே?

போன வருஷம் ஆபீஸில் நடந்த ஒரு சின்ன விஷயத்தில் இருந்து தொடங்குகிறேன்.

எங்கள் டீம் கிண்டியில். வாடிக்கையாளர் மெக்சிகோவில். இங்கே இருட்டும்போதுதான் அங்கே விடியும். ஒரு வெள்ளிக்கிழமை, டீமில் இருக்கும் ஒரு பெண், ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்த ஒரு பேட்ச் வேலையை நாற்பது நிமிஷத்தில் முடிகிற மாதிரி மாற்றி அனுப்பினார். மெக்சிகோவில் இருந்த மேடம் சாட்டில் இரண்டே சொல் போட்டார்: “கே பார்பரா!” அந்த சாட்டில் மொழிபெயர்ப்பு தானாக வரும். அது கொடுத்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால், “என்ன காட்டுமிராண்டித்தனம்!”

நான் அன்றைக்கு லீவு. திங்கட்கிழமை போனால், அந்தப் பெண் கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருக்கிறார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தன் கோடை வரி வரியாகத் திருப்பிப் படித்து, எங்கே உடைத்தோம் என்று தேடியிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ் தெரியும் (மூன்று வருஷமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதுதான் பொழுதுபோக்கு). சிரித்துவிட்டு, “அட, அது திட்டு இல்லம்மா, பாராட்டு!” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “சார், நீங்க எதுவும் சொல்லலைன்னா நல்லாருக்குன்னு அர்த்தம். அது எனக்குத் தெரியும். அவங்க ஏதோ சொல்லிட்டாங்க. அதனாலதான் பயந்துட்டேன்.”

மூன்று வருஷம் என் கீழே வேலை பார்த்தவர். மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் கற்றுக்கொண்ட இலக்கணம் இது. அன்றைக்கு ராத்திரியிலிருந்து நான் தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் மொழியியல் படித்தவன் இல்லை. பி.இ. படித்தவன். தமிழைப் பாடமாகப் படித்தது பிளஸ் டூவோடு சரி. ஆனால் அந்தப் பாடத்தின் மேல்தான் இப்போது ஒரு விமர்சனம் வைக்கப் போகிறேன்.

அந்த கடைசி ‘ஆ’

முதலில் அந்த இரண்டு சொல்லைப் பார்ப்போம். ‘கே’ என்றால் ‘என்ன’. ‘பார்பரோ’ என்றால் காட்டுமிராண்டி. கிரேக்கர்கள், தங்களுக்குப் புரியாத மொழி பேசுகிறவர்களைப் பார்த்து, “பர் பர்னு ஏதோ பேசுறான்” என்று வைத்த பெயர். அது லத்தீன் வழியாக ஸ்பானிஷுக்கு வந்தது. இன்று மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அதுவே உச்சகட்டப் பாராட்டு.

நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. “பயங்கர அழகு”, “கொல மாஸ்”, “வெறித்தனம்”, “மிரட்டிட்டான்”, “அநியாயத்துக்கு நல்லா பாடுறா”. பயம், கொலை, வெறி, அநியாயம், எல்லாமே நம் ஊரில் பாராட்டுதான். இத்தாலியர் கச்சேரியில் கத்தும் ‘பிராவோ’கூட ஸ்பானிஷில் முரட்டுத்தனம் என்ற பொருளில்தான் அதிகம் வரும். ‘தோரோ பிராவோ’ என்றால் பாயும் காளை.

என்னை நிறுத்தியது அதில்லை, கடைசி எழுத்து. அந்த மேடம் ‘பார்பரோ’ என்று எழுதவில்லை, ‘பார்பரா’ என்று எழுதினார். ஸ்பானிஷில் பெயரடை ஆண்பால், பெண்பால் பார்த்து மாறும். ‘ஓ’ என்று முடிந்திருந்தால், நடந்த சம்பவத்தைச் சொல்கிறார் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். ‘ஆ’ என்று முடிந்ததால் சந்தேகமே இல்லை. அவர் பாராட்டியது கோடை இல்லை, அதை எழுதிய பெண்ணை. “என்ன பொம்பளைம்மா நீ!” என்கிற மாதிரி. மொழிபெயர்ப்புக் கருவி அந்த ஒற்றை எழுத்தைத்தான் தின்றுவிட்டது.

தாஜ்மகாலைப் பார்த்து ‘என்னே!’

பள்ளியில் வாக்கியம் நான்கு வகை என்று படித்தோம். செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி. நான்காவதுக்கு ஆசிரியர் தரும் உதாரணம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தாஜ்மகால், இமயமலை, மயில், இந்த மூன்றில் ஏதாவது ஒன்று வரும். அதன் அழகை ‘என்னே!’ என்று வியக்க வேண்டும். முடிவில் ஆச்சரியக்குறி. இரண்டு மதிப்பெண்.

இந்தப் பாடத்தில் எனக்கு மூன்று குறை தெரிகிறது.

முதல் குறை, யாரும் பேசாத தமிழ். கிண்டி ஸ்டேஷனில் ஆறு மணிக்கு ரயில் வந்து நிற்கும்போது, “என்னே கூட்டம்!” என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? “எவ்ளோ கூட்டம்!”, “என்னா கூட்டம்டா சாமி!”, இவ்வளவுதான். பேச்சுத் தமிழில் வியப்புக்கு ஒரு முழு இலக்கணமே இருக்கிறது. அதைப் பாடம் தொடவே இல்லை.

அந்த இலக்கணத்தை நான் கண்டுபிடித்தது ஸ்பானிஷ் படித்ததால்தான். இது கொஞ்சம் வெட்கமான விஷயம். ஸ்பானிஷ் வாத்தியார் பலகையில் எழுதியதை நான் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டு வந்தேன்:

‘கே காஸா!’ — என்னா வீடு!
‘குவாந்தா ஹெந்தே!’ — எவ்ளோ கூட்டம்!
‘கோமோ யுவேபே!’ — எப்படிப் பெய்யுது பாரு!
‘கே பியென் காந்தா!’ — என்னமா பாடுறா!

சொல்லுக்குச் சொல் உட்கார்கிறது. இரண்டு மொழியிலும் வியப்பு, கேள்விச் சொல்லில்தான் தொடங்குகிறது. என்ன, எவ்வளவு, எப்படி, எத்தனை. கேள்வி கேட்கிற அதே சொல்தான் வாய் பிளக்கவும் பயன்படுகிறது. ‘என்னமா’ மட்டும் இன்றைய பேச்சில் கிட்டத்தட்ட வியப்புக்கே என்று ஒதுங்கிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. “இன்னா ஆட்டம் தெரியுமா!” இதில் முதலில் ஒரு கேள்வி, கடைசியில் ஒரு கேள்வி. “அவன் கல்யாணச் சாப்பாடா? கேக்கணுமா!” “அவ டான்ஸ் பத்திச் சொல்லவா வேணும்!” கேட்பதே தேவையில்லை என்று சொல்லி ஒரு பாராட்டு. நம் ஊரில் வியப்பு என்பது பதில் எதிர்பார்க்காத கேள்வி. எதிரே இருப்பது என் அளவுகோலை மீறிவிட்டது, அதனால் ‘எவ்வளவு’ என்று கேட்டுவிட்டு அளக்காமல் நிறுத்திக்கொள்கிறேன்.

இதைக் கம்பர் செய்து காட்டியிருக்கிறார். கங்கைப் படலத்தின் தொடக்கத்தில் ராமனின் நிறத்துக்கு உவமை தேடுகிறார். மையா, மரகதமா, கடல் அலையா, மழை மேகமா என்று ஓகாரம் போட்டு அடுக்கிக்கொண்டே போகிறார். நான்குமே கேள்வி. நான்கும் போதவில்லை. கடைசியில் உவமையை விட்டுவிட்டு ‘ஐயோ’ என்று போட்டுவிடுகிறார். கேள்வி தீர்ந்துபோகிற இடத்தில் வியப்பு. நாம் குழந்தையைப் பார்த்து “ஐயோ, எவ்ளோ அழகு!” என்கிறோமே, அதே ஐயோ. வினா வாக்கியம் தனி, உணர்ச்சி வாக்கியம் தனி என்று கட்டம் கட்டிய பாடத்தில் இந்த ஐயோவுக்கு எங்கே இடம்?

எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. “எவ்வளவு பெரிய வீடு” என்று படித்தால் கடைசி வரை போனால்தான் கேள்வியா வியப்பா என்று தெரியும். ஸ்பானிஷ்காரர்களுக்கும் இதே தலைவலி. அவர்கள் தீர்வு கண்டுபிடித்தார்கள். கேள்விக்குறியைத் தலைகீழாகத் திருப்பி வாக்கியத்தின் முதலிலேயே போடும் முறையை ஸ்பானிய அகாதமி 1754இல் முன்வைத்தது. ஆச்சரியக்குறியும் அதே வழியில் தலைகீழாக முன்னால் வந்து நின்றது. இங்கே வியக்கப் போகிறோம், குரலைத் தயார் பண்ணிக்கொள் என்று படிப்பவனுக்குச் சொல்கிற குறி அது. நம் ஓலைச்சுவடிகளில் இந்த இரண்டு குறியுமே கிடையாது. குரலும் முகமும் அந்த வேலையைப் பார்த்தன.

உடம்பில் தெரிவது

இரண்டாவது குறைக்கு அந்த முகம்தான் வழி.

செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என்ற பங்கீடு ஆங்கில இலக்கணத்தின் நான்கு வாக்கிய வகைகளோடு அப்படியே பொருந்துகிறது. அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வந்ததில் தப்பில்லை. ஆனால் நம்மிடம் ஏற்கெனவே இருந்ததை அது மறைத்துவிட்டது.

தொல்காப்பியம் வியப்பை வாக்கியத்தில் வைக்கவில்லை, உடம்பில் வைத்தது. மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகள்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மெய்யில் படுவது மெய்ப்பாடு. உள்ளே நடப்பது வெளியே தெரிகிற இடம். இதில் நான்காவதான மருட்கைதான் வியப்பு. அது நான்கு காரணத்தால் பிறக்கும் என்கிறது அந்த நூல்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம்.

நான் இதைக் கிண்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். 2016இல் மெட்ரோ கிண்டிக்கு வந்தபோது பிளாட்பாரத்தில் நின்று சும்மா பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அது புதுமை. கத்திப்பாரா மேம்பாலத்தை மேலிருந்து எடுத்த படம், அது பெருமை. விரல் நகம் அளவு சிப்பில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர், அது சிறுமை. கடைசியில் இருக்கும் ஆக்கம்தான் எனக்குப் பிடித்தது. ஒன்று இன்னொன்றாக மாறி நிற்பது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். ராத்திரி முழுக்க ஓடின வேலை நாற்பது நிமிஷமாக மாறியதே, அது சுத்தமான ஆக்கம். தொல்காப்பியர் எங்கள் ஸ்டேட்டஸ் மீட்டிங்கில் இருந்திருந்தால் அந்த இடத்தில் கண் விரித்திருப்பார். நான் ‘ஓகே, நெக்ஸ்ட்’ என்றிருப்பேன்.

இன்னொன்று, மருட்கைக்குப் பக்கத்து வீடு அச்சம். மருள் என்றால் மயக்கம், கலக்கம். கோயில் கொடையில் சாமி வந்து ஆடுகிறவரை மருளாடி என்பார்கள். வியப்பைக் குறிக்கும் ஸ்பானிஷ் சொல் ‘அசோம்ப்ரோ’. அதற்குள் ‘சோம்ப்ரா’ இருக்கிறது, நிழல். நிழலைப் பார்த்து மிரளும் குதிரையிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். இரண்டு மொழியும் ஒரே விஷயத்தைக் கவனித்திருக்கின்றன. வியப்பு என்பது மிரட்சிக்கு ஒரு அடி முன்னால் நிற்கிறது. அப்படியானால் ‘பார்பரா’வும் ‘பயங்கர’மும் கொச்சை இல்லை, மருட்கையின் சொந்தக்காரர்கள்.

தொல்காப்பிய உரியியலில் இன்னொரு தகவல் உண்டு. ‘ஐ’ என்ற ஓரெழுத்துச் சொல்லுக்கு வியப்பு என்று பொருள். ஐஸ்கிரீமைப் பார்த்து “ஐ!” என்று துள்ளும் குழந்தைக்கு இது தெரியாது. இரண்டும் ஒரே நூலில் வருகிற தொடர்ச்சி என்று நான் சாதிக்க மாட்டேன். அதற்கு ஆதாரம் வேண்டும். ஆனால் வகுப்பில் ‘என்னே’வுக்குப் பதிலாக அந்த ‘ஐ’யைச் சொல்லிக் கொடுத்திருந்தால் பசங்க ஒரு நாளும் மறந்திருக்க மாட்டார்கள்.

மூன்று பக்கமும் கதவு

மூன்றாவது குறைதான் பெரியது. பாடத்தில் வியக்கப்படுவது எப்போதும் தாஜ்மகால். அது திரும்பிப் பார்க்காது, வெட்கப்படாது, “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்” என்று நெளியாது. எதிரே நிற்கிற மனுஷனை வியப்பது எப்படி என்று பாடம் சொல்லவில்லை.

பாடத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊரும் அப்படித்தான். தொழிற்பேட்டைப் பக்கம் நான் போகும் டீக்கடையில் இரண்டு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பாராட்டுக்குப் பஞ்சமே இல்லை. “பின்னிட்டான்”, “கலக்கிட்டா”, “பட்டையைக் கிளப்பிட்டாங்க”, “தெறிக்க விட்டான்”. பேட்ஸ்மேனுக்கு, நடிகருக்கு, மேடையில் பேசினவருக்கு, பக்கத்து ஆபீஸ் பையனுக்கு. விகுதியைப் பாருங்கள். ஆன், ஆ, ஆங்க. எல்லாம் படர்க்கை. எங்கேயோ இருக்கிற ஒருவர். ஸ்பானிஷ்காரர் பெயரடையின் கடைசி எழுத்தில் ஆளைக் காட்டுகிறார் என்றால், நாம் வினையின் கடைசி எழுத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றையும் காட்ட முடியும். ‘பின்னிட்டே’, ‘பின்னிட்டீங்க’ என்ற வடிவம் தயாராக இருக்கிறது. காலேஜ் பசங்களைத் தாண்டிப் போனால் அது அலமாரியில் பூட்டி வைத்த பட்டுப்புடவை மாதிரி.

நேருக்கு நேர் சொல்லும்போது என்ன சொல்கிறோம்? “நல்லாருக்கு.” அது அஃறிணை. சாம்பார் நல்லாருக்கு, வைத்தவர் வரமாட்டார். “சூப்பர்” என்றால் எழுவாயே கிடையாது.

ஏன் இப்படி? மேலே, கீழே, பக்கத்தில் என்று மூன்று திசையிலும் ஒவ்வொரு கதவு இருப்பதாக எனக்குப் படுகிறது.

மேலே இருப்பவரைப் பாராட்டினால், ஐஸ் வைக்கிறான், சோப்புப் போடுறான், ஜால்ரா தட்டுறான், காக்கா பிடிக்கிறான். முகஸ்துதிக்கு எத்தனை சொல் பாருங்கள்! ஒரு காலத்தில் மன்னரைப் புகழ்வது கௌரவமான தொழில். பாடாண் என்று ஒரு திணையே அதற்கு உண்டு. இன்று அந்த வேலையை வழியெல்லாம் இருக்கும் கட்சி பேனர்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. அங்கே எல்லாருமே ‘மாபெரும்’ என்பதால் அந்தச் சொல்லில் சத்தும் போய்விட்டது.

கீழே இருப்பவரைப் பாராட்டினால் தலைக்கனம் ஏறிவிடும். நம்மிடம் இருக்கும் சபாஷ், பேஷ் இரண்டும் பாரசீகத்தில் இருந்து இந்துஸ்தானி வழியாக வந்தவை. ‘சபாஷ்’ முதலில் ‘ஷாத் பாஷ்’, மகிழ்ச்சியாக இரு என்ற வாழ்த்து. வாழ்த்து பெரியவரிடமிருந்து சின்னவருக்குத்தானே இறங்கும்? அதன்படியே இதுவும் இறங்குகிறது. சபாவில் முன்வரிசைப் பெரியவர் ‘பேஷ்’ சொல்லலாம். முதல் தடவை கச்சேரிக்கு வந்த பையன் வித்வானைப் பார்த்து ‘சபாஷ்’ என்று சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மேனேஜருக்கு ‘சபாஷ் சார்’ என்று ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள், தெரியும்.

பக்கத்தில் இருப்பவரைப் பாராட்டினால் கண்ணு பட்டுடும். இது சும்மா பேச்சு இல்லை. குழந்தை கன்னத்தில் வைக்கும் கறுப்புப் பொட்டு, புது வீட்டு வாசலில் தொங்கும் பூசணிக்காய், எல்லாம் வியப்புக்கு எதிரான பாதுகாப்பு. இங்கேயும் ஸ்பானிஷ் பக்கத்திலேயே வருகிறது. லத்தீனில் வியத்தலைக் குறித்த ‘மிராரி’ என்ற வினை, ஸ்பானிஷில் ‘மிரார்’ ஆகி, வெறுமனே ‘பார்’ என்று பொருள் தருகிறது. வியந்து பார்ப்பதும் கண் வைப்பதும் ஒரே செயல். அவர்களிடமும் ‘மால் தெ ஓஹோ’ உண்டு. அப்படியே நம் கண்ணேறு. மெக்சிகோவில் பலர் இதற்கு வைத்திருக்கும் பரிகாரம்தான் வேறு. அடுத்தவர் குழந்தையை “எவ்வளவு அழகு!” என்று சொன்னால் உடனே அந்தக் குழந்தையைத் தொட்டுவிட வேண்டும். தொட்டால் தோஷம் போய்விடும்.

இந்த வித்தியாசத்தில் நான் ரொம்ப நேரம் நின்றேன். கண்ணுக்குப் பயந்து நாம் பாராட்டை முழுங்கினோம். அவர்கள் பாராட்டிவிட்டுத் தொட்டார்கள். இதை ஒரு பெரிய கலாச்சாரச் சூத்திரமாக்க எனக்குத் தைரியம் இல்லை. நம் பாட்டிகளும் குழந்தையை “என் தங்கம், சமத்துக்குட்டி” என்று நேராகக் கொஞ்சிவிட்டு, நெற்றிப்பொட்டில் விரலை மடக்கிச் சொடுக்கி திருஷ்டி கழிப்பார்கள். அதுவும் தொடுவதுதான். ஆக நமக்கு முன்னிலைப் பாராட்டு தெரியாமல் இல்லை. அஞ்சு வயசோடு நிறுத்திவிடுகிறோம்.

ஸ்பானிஷ் பாராட்டு எல்லாம் தேன் என்றும் நினைக்க வேண்டாம். தெருவில் போகும் பெண்ணைப் பார்த்துச் சொல்லும் ‘பிரோப்போ’ என்ற புகழுரை அங்கே ஒரு பழைய வழக்கம். அதை வாங்குகிற பெண்களுக்கு அது தொல்லை. தெருவில் நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிராகப் பெரு நாடு 2015இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. யாரிடம், எங்கே, எதற்கு என்று பார்க்காமல் முன்னிலையில் இறங்கினால் பாராட்டு அடாவடி ஆகிவிடும். நம் தயக்கத்தில் ஒரு நாகரிகமும் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

சாட்டுக்கு முகம் கிடையாது

“எங்க வீட்ல யாரும் பாராட்டினதில்லை, நாங்க நல்லாத்தானே வளர்ந்தோம்” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் பதில் மறுபடியும் மெய்ப்பாட்டியல்தான்.

“இன்னும் ரெண்டு கரண்டி போடு” என்று தட்டை நீட்டினால், சமைத்தவருக்கு அது போதும். மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்த அப்பா ஒன்றும் சொல்லாமல் அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்தால், பையனுக்குப் புரியும். கச்சேரியில் தலை ஆடும், தொடையில் தாளம் விழும். நம் பாராட்டு வாயில் இல்லாவிட்டாலும் மெய்யில் இருந்தது. படர்க்கையில் சொன்னதும் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். “உங்க அப்பா உன்னைப் பத்திப் பெருமையா சொன்னாரு” என்று இஸ்திரிக்கடைக்காரர் சொல்வார். ஊர் அதற்கு ஒரு தபால்காரர் மாதிரி வேலை பார்த்தது.

இப்போது அந்த உடம்பை எடுத்துவிடுங்கள். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. கேமரா ஆஃப். என் தலை ஆடினால் யாருக்குத் தெரியும்? இஸ்திரிக்கடைக்காரர் எங்கள் சாட் குரூப்பில் இல்லை. முகத்தை நம்பி வாயை மூடி வைத்திருந்த ஒரு பாராட்டு முறை, முகம் இல்லாத இடத்துக்குக் குடி வந்துவிட்டது. அங்கே என் மௌனம் வெறும் மௌனமாகத்தான் போய்ச் சேரும். அந்தப் பெண் அதற்கு ‘நல்லாருக்கு’ என்று தானாகவே பொருள் எழுதிக்கொண்டது அவருடைய பெருந்தன்மை. எத்தனை பேர் வேறு பொருள் எழுதிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனார்களோ, எனக்குத் தெரியாது. சிலர் போயிருக்கிறார்கள்.

வருஷக் கடைசியில் எல்லாரும் தன்னைப் பற்றித் தானே எழுதும் ஒரு படிவம் வரும். நன்னூல் இதற்கும் விதி வைத்திருக்கிறது. எவ்வளவு கற்றவனாக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறார் பவணந்தி. பிறகு நான்கு விலக்கு தருகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில், அவையில் வாதம் செய்து வெல்ல வேண்டிய நேரத்தில், எதிரி தன்னை இழிவாகப் பேசும்போது. இந்த நான்கிலும் புகழ்ந்துகொள்ளலாம். ஒரு நூலின் சிறப்பை எழுத வேண்டியவர்கள் யார் என்றும் சொல்கிறார்: ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரை எழுதியவர். எழுதினவன் இல்லை.

அப்ரைசல் நேரத்தில் இதைப் படித்தபோது கொஞ்சம் சுட்டது. அந்த விதியில் ஒருவன் தன்னைப் புகழாமல் இருப்பதற்கு ஈடாக, அவனைச் சுற்றி நாலு பேருக்கு அந்தக் கடமை தரப்பட்டிருக்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம். நீ அடக்கமாக இரு, நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன். ‘தன் திறமை தெரியாதவர்கள் நடுவில்’ என்ற விலக்கு அந்தப் பெண்ணுக்குப் பொருந்தியது. திறமை தெரிந்தும் சொல்லாதவன் நடுவில் என்ன செய்வது என்று பவணந்தியும் சொல்லவில்லை.

ஆகவே என் விமர்சனத்தின் சாரம் இது. உணர்ச்சி வாக்கியப் பாடத்தில் இருந்து ‘என்னே’வை எடுத்துவிட்டு ‘என்னமா’வை வையுங்கள். கேள்விச் சொல் எப்படி வியப்பாகிறது என்று சொல்லிக் கொடுங்கள். கூடவே பயிற்சியில் ஒரு கேள்வி: பக்கத்து பெஞ்சில் இருப்பவர் செய்த நல்ல காரியம் ஒன்றை, அவரைப் பார்த்து, முன்னிலை விகுதியில் சொல்லுக. தாஜ்மகால் கோபித்துக்கொள்ளாது.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் சும்மா இருக்க முடியுமா? போன மாசம் அந்தப் பெண் இன்னொரு நல்ல வேலை செய்தார். சாட்டைத் திறந்து ‘பின்னிட்டீங்க’ என்று அடித்தேன். அழித்தேன். ‘குட் வொர்க்’ என்று அடித்தேன். அதையும் அழித்தேன். அந்த ஆங்கிலத்திலும் ஆள் இல்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, “இதை யோசிச்சதே பெரிய விஷயம். பின்னிட்டீங்க” என்று அனுப்பிவிட்டேன். டைப்பிங், டைப்பிங் என்று ரொம்ப நேரம் காட்டிக்கொண்டிருந்தது.

பிறகு பதில் வந்தது: “சார், ஏதாவது பிரச்சனையா?”

இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போல. உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், அஞ்சு வயசைத் தாண்டினவரை நேராகப் பார்த்துப் பாராட்டுகிற சொல் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். சேர்த்து வைத்துக்கொள்கிறேன். தேவைப்படுகிறது.